ஹோமருக்கு எத்தனை மார்க்?

இங்கிலாந்தில் ஏ லெவல் எழுதும் பிள்ளைகளில் ஒரு சிறு கூட்டம் ஒவ்வொரு கோடையிலும் ஒரு விசித்திரமான தாளை எழுதுகிறது. 'வீரனின் உலகம்' என்று அதற்குப் பெயர். 2 மணி 20 நிமிடம், 100 மார்க். ஹோமரின் இலியட் அல்லது ஒடிசி, கூடவே வர்ஜிலின் ஈனிட். வினாத்தாளில் காவியத்திலிருந்து ஒரு பகுதியை அச்சிட்டு, இதை ஹோமர் எப்படி உயிரோட்டம் உள்ளதாக ஆக்கியிருக்கிறார் என்று கேட்பார்கள். பிள்ளையும் உவமை, அடைமொழி, சொற்களின் வேகம் என்று வரிசையாக எழுதும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வினாத்தாளில் அச்சாகியிருப்பது ஆங்கிலம். ஹோமர் ஆங்கிலத்தில் எழுதவில்லை. இந்தப் பாடத்துக்குக் கிரேக்கத்தில் ஓர் எழுத்துகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிளாசிகல் சிவிலைசேஷன் என்பது பாடத்தின் முழுப் பெயர். பழைய கிரேக்க, ரோமானிய இலக்கியத்தையும் கலையையும் சிந்தனையையும் மொழிபெயர்ப்பு வழியாகவே படிப்பது. ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்கள் அடுத்தடுத்து வந்து ஓசை நயம் கூட்டுகின்றன என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த நயம் யாருடையது? கி.மு. எட்டாம் நூற்றாண்டுக் கவிஞனுடையதா, லண்டனில் மேஜைக்கு முன் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளருடையதா? மார்க் ஹோமர் கணக்கில்தான் சேரும். இருபது வருஷமாக மொழிபெயர்ப்பில் பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் கிடையாது. எங்கள் தொழிலின் கூலியே அப்படித்தான்.

லண்டன் மேஜை என்று சும்மா சொல்லவில்லை. ஆங்கிலேயப் பள்ளிப் பிள்ளைகளில் பல தலைமுறைகளுக்கு ஹோமர் என்றால் ஈ.வி. ரியூ என்று பொருள். ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், வீட்டில் மனைவிக்குப் படித்துக் காட்டுவதற்காக ஒடிசியை உரைநடையில் மொழிபெயர்க்கத் தொடங்கியவர் அவர். 1946-இல் அது பென்குயின் கிளாசிக்ஸ் வரிசையின் முதல் புத்தகமாக வந்தது. யார் வாங்குவார்கள் என்று சந்தேகப்பட்ட புத்தகம் 30 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ரியூவுக்கு ஒரு பழக்கம். விடியலுக்கு 'ரோஜா விரல்கள்' என்ற அடைமொழியை ஹோமர் திரும்பத் திரும்பச் சொல்வார். வாசகனுக்குச் சலிக்கும் என்று ரியூ அதை இடத்துக்கு இடம் மாற்றி எழுதினார். நாவல் படிக்கிறவனுக்கு அது வசதிதான். ஆனால் அந்தத் திரும்ப வருதல்தான் ஹோமரின் உயிர்நாடி. எழுதாமல் பாடிய கவிஞர்கள் ஆயத்தத் தொடர்களைக் கொண்டே அடியைக் கட்டினார்கள் என்பதை மில்மன் பாரி என்ற அமெரிக்கர் 1930 வாக்கில் விரிவாக நிறுவியிருந்தார். வாய்மொழிக் காவியத்தின் இலக்கணம் பற்றிப் பரீட்சையில் கேட்கிறார்கள். பாடப்புத்தகத்திலோ அந்த இலக்கணத்தை மொழிபெயர்ப்பாளர் மரியாதையாகத் துடைத்துவிட்டிருக்கிறார். 1991-இல் ரியூவின் மகனே உட்கார்ந்து தந்தையின் மொழிபெயர்ப்பைத் திருத்திக் கிரேக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, 'மூலத்தைப் படிக்காமல் இது என்ன படிப்பு?' என்று கேட்கத் தோன்றும். இங்கிலாந்திலும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. லத்தீனும் கிரேக்கமும் படிப்பதுதான் படிப்பு, மற்றது சுலபத்தில் மார்க் வாங்கும் வழி என்று அவர்கள் நினைக்கிறார்கள். சரி, அந்த மூல மொழிப் பரீட்சை எப்படி நடக்கிறது என்று பக்கத்து ஹாலில் எட்டிப் பார்க்கலாம்.

16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. லத்தீனில் பாதி மார்க் மொழிக்கு. தெரியாத பத்தியைப் படித்துப் பொருள் சொல்வது போன்றவை அதில் வரும். மீதிப் பாதியில் பெரும்பாலான பள்ளிகளில் பாடமாக வைத்த இலக்கியம் வரும். வர்ஜிலில் நூற்றுச் சொச்சம் வரி, உரைநடையில் அதே போல் இன்னொரு துண்டு என்று கொள்ளுங்கள். ஈனிட் முழுவதும் ஏறக்குறைய 9,900 வரி. அதில் நூற்றுச் சொச்சம்! இந்த வரிகளை இலக்கண சுத்தமாகப் பிரித்துப் படிக்கும் அளவுக்கு 16 வயதில் லத்தீன் வந்துவிடுவதில்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று பீரியடில் எங்கே வரும்? ஆகவே பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ஆசிரியர் கொடுத்த ஆங்கில மொழிபெயர்ப்பை மனப்பாடம் செய்கிறார்கள். இது ரகசியம் ஒன்றுமில்லை. லத்தீன் ஆசிரியர்களே வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் விஷயம். வினாத்தாளில் நாலு வரி லத்தீனைப் பார்த்ததும், முதல் சொல்லை வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, மனத்தில் இருக்கும் ஆங்கிலத்தை இறக்கிவிட வேண்டியது. வேகத்தில் நிறுத்த மறந்து, கேட்ட வரிகள் முடிந்த பிறகும் அடுத்த வரியின் பொருளையும் சேர்த்து எழுதிவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆக, கதை தலைகீழாகிறது. 'மூலம்' படிக்கிற பிள்ளை ஆங்கிலத்தை உருப்போடுகிறது. 'வெறும் மொழிபெயர்ப்பு' படிக்கிற பிள்ளை இரண்டு காவியங்களில் காண்டம் காண்டமாக உட்கார்ந்து வாசிக்கிறது. அகிலிஸ் ஏன் கோபித்துக்கொண்டான், பிரையம் என்ற கிழட்டு அரசன் தன் மகனைக் கொன்றவனுடைய கையை ஏன் முத்தமிட்டான், சரணடைந்த டர்னஸை ஈனியாஸ் கடைசியில் ஏன் குத்திக் கொன்றான் என்றெல்லாம் யோசித்துச் சண்டை போடுகிறது. இதில் வர்ஜிலுக்குப் பக்கத்தில் போனது யார்?

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது. சங்கப் பாட்டின் அடியைக் காட்டினால் திணறி, அதன் பொழிப்புரையைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் மாணவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிப்பார்கள். குற்றம் பிள்ளைகள் மேல் இல்லை.

மொழிபெயர்ப்பு ஏதோ பிற்காலத்துச் சலுகை, அந்தக் காலத்தில் எல்லோரும் மூலத்தைத்தான் படித்தார்கள் என்பதும் தப்பான நினைப்பு. லத்தீன் இலக்கியமே ஒரு மொழிபெயர்ப்பிலிருந்து கிளம்பியது. லிவியுஸ் ஆந்த்ரோனிகுஸ் என்ற கிரேக்கர், தெற்கு இத்தாலியில் டாரண்டம் நகரிலிருந்து ரோமுக்குக் கைதியாக வந்தவர் என்பது மரபுச் செய்தி. அவர் பாடம் சொல்லிக் கொடுத்துப் பிழைத்தார். கி.மு. 240-இல் ரோமில் முதன்முதலாக லத்தீன் நாடகத்தை மேடையேற்றியவரும் அவர்தான். ஒடிசியை லத்தீனில் பெயர்த்தார். கிரேக்கச் சந்தத்தை அப்படியே இறக்குமதி செய்யாமல் இத்தாலி மண்ணின் பழைய யாப்பில் எழுதினார். கலைமகளையும் கிரேக்கப் பெயரால் அழைக்காமல் உள்ளூர்த் தெய்வத்தின் பெயரால் அழைத்தார். இதெல்லாம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் புரியும் முடிவுகள். இன்று மிஞ்சியிருப்பது சில டஜன் வரிகள்தான். ஆனால் 200 வருஷம் கழித்தும் அவருடைய செய்யுள் பள்ளிப் பாடமாக இருந்தது. ஓர்பிலியுஸ் என்ற வாத்தியார் பிரம்பும் கையுமாக அவற்றைச் சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொண்டதைக் கவிஞர் ஹொரேஸ் பெரியவரான பிறகும் மறக்கவில்லை. அந்தப் பாட்டுகளை அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவற்றைப் போய்க் குற்றமற்றவை என்கிறார்களே என்ற தொனியில் எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்த கவிதையைப் பற்றி இதைவிட நிதானமாக யாரால் பேச முடியும்? அந்த வாத்தியாருக்கு ஹொரேஸ் வைத்த 'அடிக்கிறவர்' என்ற பட்டமும் 2,000 வருஷமாக நிலைத்துவிட்டது.

பிறகு காற்று திசை மாறியது. வர்ஜில் உயிரோடு இருக்கும்போதே அவரைப் பாடமாக நடத்தத் தொடங்கிவிட்டார்கள். பாம்பெய் நகரச் சுவர்களில் ஈனிடின் முதல் சொற்களை யார் யாரோ கிறுக்கியிருப்பதை எரிமலைச் சாம்பலுக்குக் கீழிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது கையில் வந்துவிடும் அல்லவா? எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் ஏடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. இடது பக்கம் வர்ஜிலின் வரியை ஓரிரு சொல்லாகப் பிரித்து எழுதி, வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேரே கிரேக்கப் பொருள். கிழக்கு மாகாணங்களில் சர்க்கார் உத்தியோகத்துக்கும் சட்டப் படிப்புக்கும் லத்தீன் தேவைப்பட்டது. தாய்மொழி கிரேக்கமாக உள்ள பையன்கள் இந்த நோட்ஸை வைத்துக்கொண்டு படித்தார்கள். 1,500 வருஷத்துக்கு முந்தைய பதவுரை.

உத்தியோகம் என்றதும் நம் கதைக்கே வந்துவிடுகிறோம். இந்தியாவை ஆள வரும் ஐ.சி.எஸ். அதிகாரிகளைப் போட்டித் தேர்வு மூலம் எடுக்க வேண்டும் என்று மெக்காலே தலைமையிலான குழு 1854-இல் சிபாரிசு செய்தது. அடுத்த வருஷமே லண்டனில் முதல் தேர்வு. மொத்தம் 6,875 மார்க். அதில் கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபு மொழிக்கு 375. தமிழ், தெலுங்கு, வங்காளி எதற்கும் அந்தத் தேர்வில் இடமில்லை. அவற்றைத் தேர்வான பிறகு கற்றுக்கொண்டால் போதும். மதுரை ஜில்லாவில் நிலவரி வசூலிக்கப் போகிறவனுக்குத் துசிடிடீஸ் எதற்கு என்று கேட்டால், குழுவிடம் பதில் தயாராக இருந்தது. ஆங்கிலேய ஜென்டில்மேன் எப்படியும் படிக்கிற படிப்பில்தான் சோதிக்க வேண்டும், தோற்றுப் போனவனுக்கும் படித்தது வீணாகக் கூடாது! இந்தியப் பையன் கல்கத்தாவிலோ சென்னையிலோ உட்கார்ந்து கிரேக்கம் படிக்க வழி இல்லை என்பது அந்தக் கணக்கில் வரவில்லை. வந்திருந்தாலும் மார்க் மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

அந்தத் தடையை அதே ஆயுதத்தால் தாண்டியவர் அரவிந்தர். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் காலேஜிலும் படித்தவர். 1890-இல் ஐ.சி.எஸ். எழுதியபோது கிரேக்கத்திலும் லத்தீனிலும் அபாரமாக மார்க் வாங்கித் தேறினார். பிறகு குதிரையேற்றச் சோதனையில் கோட்டை விட்டதால் வேலை கிடைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டார் என்று சொல்வதுண்டு. சுவாரஸ்யம் அதற்குப் பிறகுதான். 1910-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவர், டிராய் நகரத்தின் கடைசி நாளைப் பற்றி ஹோமரின் சந்தத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்து 'இலியன்' என்ற காவியம் எழுதிக்கொண்டிருந்தார். அது முடியவில்லை. அதே ஊரில் இருந்துகொண்டு ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பாரதியாரின் துணை அதற்கு இருந்தது. பரீட்சைக்காகக் கற்ற கிரேக்கம் பரீட்சை பயனில்லாமல் போன பிறகு ஓர் ஆளிடம் என்ன செய்தது என்பதற்கு இது ஓர் உதாரணம். வேலை கிடைத்திருந்தால் 'இலியன்' வந்திருக்குமா என்பது சந்தேகம்.

இங்கிலாந்தில் அந்தக் கோட்டை மெதுவாகச் சரிந்தது. பல்கலைக்கழகத்தில் சேரக் கிரேக்கம் கட்டாயம் என்பதைக் கேம்பிரிட்ஜ் 1919-இலும் ஆக்ஸ்ஃபோர்டு 1920-இலும் கைவிட்டன. லத்தீன் கட்டாயமும் 1960-இல் போயிற்று. மறு நாளிலிருந்து யாரும் லத்தீன் படிக்க வேண்டிய அவசியமில்லை. வாத்தியார்கள் மிரண்டுபோனார்கள். கட்டாயம் போனால் ஈர்த்தாக வேண்டும் என்ற ஞானோதயத்தில் பிறந்ததுதான் 1970-இல் வந்த கேம்பிரிட்ஜ் லத்தீன் பாடப்புத்தகம். வேற்றுமை உருபு அட்டவணைக்குப் பதிலாகப் பாம்பெய் நகரில் ஒரு குடும்பம், வட்டிக்கடைக்காரர் கேசிலியுஸ், அவர் மனைவி, சமையல்காரன், நாய். கேசிலியுஸ் அந்த ஊரில் உண்மையாகவே வாழ்ந்த மனிதர். அவருடைய கணக்கேடுகள் கிடைத்திருக்கின்றன. மொழிபெயர்ப்பு வழியாகக் காவியங்களைப் படிக்கும் பாடம் வேரூன்றியதும் இந்தக் காலத்தில்தான். இன்று ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் லத்தீன் தெரியாமலே செவ்வியல் படிப்பில் சேர்ந்து, சேர்ந்த பிறகு மொழியைக் கற்றுக்கொள்ள வழி இருக்கிறது. கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் கதவு வரைக்கும் வருவது யார்? பிரிட்டிஷ் கவுன்சில் கணக்கெடுப்பு ஒன்றை அரசாங்கமே மேற்கோள் காட்டியது. 11 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு லத்தீன் சொல்லித் தரும் அரசுப் பள்ளிகள் 3 சதவீதத்துக்கும் குறைவு. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில் 49 சதவீதம். பணக்கார வீட்டுப் பையன் லத்தீனும் படிக்கிறான், வேண்டுமானால் கிளாசிகல் சிவிலைசேஷனும் படிக்கிறான். மற்றவனுக்குப் பல ஊர்களில் இரண்டும் இல்லை. மூலமா மொழிபெயர்ப்பா என்ற சர்ச்சையே அவனுக்குக் கிடைக்காத ஆடம்பரம்.

இந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்துத்தான் 2021-இல் கன்சர்வேடிவ் அரசு 40 லட்சம் பவுண்டு ஒதுக்கி, 40 அரசுப் பள்ளிகளில் லத்தீன் தொடங்கும் திட்டத்தை அறிவித்தது. லத்தீனை உயர்குடிப் பாடம் என்ற பழியிலிருந்து மீட்க வேண்டும் என்றார்கள். 2022-இல் வகுப்புகள் ஆரம்பமாயின. 2024-இல் ஆட்சி மாறியது. கஜானாவில் பணமில்லை என்று சொல்லித் தொழிற்கட்சி அரசு அந்த ஆண்டு டிசம்பரில் திட்டத்தை நிறுத்துவதாகத் தெரிவித்தது. நிதி 2025 பிப்ரவரியோடு நின்றது. பிப்ரவரி என்பதைக் கவனியுங்கள். அங்கே கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கிக் கோடையில் முடிகிறது. பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பிள்ளைகளிடமிருந்து வருஷத்தின் நடுவில் வாத்தியாரைப் பிடுங்கிவிட்டார்கள். ஆசிரியர்களும் பேராசிரியர்களும் கோடை வரைக்குமாவது விட்டுவையுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. திட்டத்தைத் தொடங்கியவர்களுக்கு லத்தீன் மேல் இருந்த மோகத்தில் பாதி பழைய கௌரவத்தின் மேல் உள்ள மோகம்தான், மறுக்கவில்லை. நிறுத்தியவர்கள் ஏழைப் பிள்ளைகளின் கட்சி என்று சொல்லிக்கொள்பவர்கள். அதுதான் உறுத்துகிறது.

மனப்பாடத்துக்கு இடமே கொடுக்காத பரீட்சை வேண்டுமானால் இத்தாலிக்குப் போக வேண்டும். அங்கே லிச்சேயோ கிளாசிகோ என்ற ஐந்தாண்டு உயர்நிலைப் பள்ளியில் லத்தீன், கிரேக்கம் இரண்டும் கட்டாயம். முசோலினி ஆட்சியில் 1923-இல் ஜென்டீலே என்ற கல்வி அமைச்சர் வகுத்த அமைப்பு அது. இறுதித் தேர்வில் முன்பின் பார்த்திராத பகுதி ஒன்று வரும். ஒரு வருஷம் லத்தீன், ஒரு வருஷம் கிரேக்கம், அமைச்சகம் முடிவு செய்யும். கையில் அகராதி வைத்துக்கொள்ளலாம். தலையணை கனத்தில் ஒரு கிரேக்க அகராதி உண்டு, ரோச்சி என்ற பாதிரியார் தொகுத்து 1939-இல் வந்தது. அண்ணனிடமிருந்து தம்பிக்குப் போகும் குடும்பச் சொத்து. 2019 முதல் பகுதிக்கு முன்னும் பின்னும் உள்ளதை இத்தாலிய மொழியில் கொடுத்து, மொழிபெயர்ப்போடு சில கேள்விகளும் கேட்கிறார்கள். 2018-இல் வந்தது நட்பைப் பற்றி அரிஸ்டாட்டில். 2025-இல் வந்தது நட்பைப் பற்றி சிசரோ. வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு நண்பர்கள் குறைவோ என்னவோ.

இத்தாலியிலும் இந்தப் படிப்பு சல்லடையாகத்தான் இருந்தது. 1969 வரை பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளுக்கும் கதவு திறந்திருந்தது இந்தப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். இப்போது உயர்நிலைப் பள்ளியில் சேருகிறவர்களில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்களே இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்தச் சல்லடையைப் பற்றி இத்தாலியில் வந்த புத்தகங்களிலேயே காரமானதை எழுதியவர்கள் குடியானவர் வீட்டுப் பையன்கள். டஸ்கனி மலையில் பார்பியானா என்ற குக்கிராமம். லொரென்சோ மிலானி என்ற பாதிரியார் அங்கே பள்ளி நடத்தினார். பரீட்சையில் தோற்று வெளியேற்றப்பட்ட மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து 1967-இல் 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற புத்தகத்தை எழுதினார்கள். அதில் அவர்கள் வெளுத்து வாங்குகிறவர்களில் ஒருவர் வின்சென்சோ மோன்டி, இலியடை இத்தாலியக் கவிதையாகப் பெயர்த்து 1810-இல் வெளியிட்டவர். அவருடைய இலியட்தான் அப்போது பள்ளிகளில் பாடம். யார் இந்த மோன்டி, இவர் எழுதிய பாஷையை அவர் காலத்திலேயே யாரும் பேசவில்லையே, எங்களுக்கு வேண்டிய மொழியை அல்லவா நீங்கள் சொல்லித் தர வேண்டும் என்பது பையன்களின் கேள்வி. மோன்டிக்குக் கிரேக்கமும் சரியாகத் தெரியாது. மற்ற மொழிபெயர்ப்புகளைப் பார்த்துப் பெயர்த்தார். ஹோமரின் மொழிபெயர்ப்பாளர்களை மொழிபெயர்த்தவர் என்று கவிஞர் ஃபோஸ்கோலோ அவரைக் கிண்டல் செய்திருக்கிறார். மலைக்கிராமத்துப் பையனைத் தோற்கடித்தது ஹோமர் இல்லை. ஹோமருக்கு மாட்டிய ஜரிகை வேஷ்டி.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நூறு வரி மூலமும் அதற்கு உருப்போட்ட உரையுமா, மொழிபெயர்ப்பில் 24 காண்டமா என்றால் எனக்கு 24 காண்டம்தான். காவியம் என்பது நீளத்தில் இருக்கிறது. ஹெக்டர் தன் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது ஆறாம் காண்டத்தில். அவன் உடலைத் தேரில் கட்டி இழுப்பது 22-இல். நடுவில் உள்ள 15 காண்டத்தையும் கடந்து வந்தவனுக்குத்தான் அந்த இழுப்பு வலிக்கும். ஆனால் மூலத்தை ஒரு பக்கமாவது பரீட்சைப் பயமில்லாமல், அகராதியோடு உட்கார்ந்து தட்டுத் தடுமாறிப் படித்துப் பார்க்காத பிள்ளைக்கு ஒரு சங்கதி தெரியாமலே போய்விடும். மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு சொல்லும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு என்பதுதான் அது. தெரிந்தால் படிக்கிற விதமே மாறிவிடும்.

ஒடிசியின் 22-ஆம் காண்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து வீடு திரும்பிய ஒடிசியஸ், தன் மனைவியைச் சுற்றி டேரா போட்டிருந்தவர்களை எல்லாம் கொன்று தீர்க்கிறான். பிறகு வீட்டிலிருந்த 50 பணிப்பெண்களில் அவர்களோடு படுத்தவர்கள் யார் என்று கேட்கிறான். 12 பேர். பிணங்களை எடுத்துப் போடவும் ரத்தத்தைக் கழுவவும் அவர்களையே ஏவுகிறான். வேலை முடிந்ததும் மகன் டெலிமக்கஸ் அவர்களை ஒரே கயிற்றில் வரிசையாகத் தூக்கில் போடுகிறான். இது நியாயமா என்பது பரீட்சைக்கு அருமையான கேள்வி.

அந்தப் பெண்களைக் கிரேக்கத்தில் சொல்லும் சொல் 'த்மோயாய்'. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் பல காலமாக அதை வேலைக்காரிகள், பணிப்பெண்கள் என்ற பொருளில் எழுதிவந்தார்கள். டெலிமக்கஸ் அவர்களைத் திட்டும் இடத்தில் மூலத்தில் வெறும் பெண்பால் சுட்டுதான் இருக்கிறது. அங்கே வேசிகள் என்ற வசவைத் தங்கள் சொந்தச் செலவில் சேர்த்தவர்களும் உண்டு. 2017-இல் ஒடிசியை முழுவதும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட முதல் பெண்ணான எமிலி வில்சன், அந்தச் சொல்லுக்கு அடிமைகள் என்று எழுதினார். வசவைச் சேர்க்கவில்லை.

இப்போது இரண்டு பிள்ளைகள் ஒரே ஹாலில் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பழைய மொழிபெயர்ப்பில் படித்த பிள்ளை, எஜமானருக்குத் துரோகம் செய்த வேலைக்காரிகள், அந்தக் காலத்து நீதி அது என்று எழுதி நகர்ந்துவிடும். புதியதில் படித்த பிள்ளை, விலைக்கு வாங்கிய பெண் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று கேட்டு அங்கேயே நின்றுவிடும்.

அந்த இடத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். வேலைக்காரி என்றால், ஒன்றாம் தேதி சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட உரிமை உள்ளவள். ஏவல் மகளிர் என்றால் அரண்மனைச் சித்திரம் மாதிரி அழகாக இருக்கிறது, கயிறு உறுத்தவில்லை. அடிமைப் பெண்கள் என்று எழுதியபோது, அடுத்த வரியில் வலையில் சிக்கிய பறவைகள் என்று ஹோமர் சொல்லும் உவமை தானாக வந்து பொருந்தியது. கால்கள் கொஞ்ச நேரம்தான் துடித்தன என்கிறார் அவர். அதற்குப் பிறகு அந்தப் பெண்களைப் பற்றிக் காவியத்தில் அதிகம் பேச்சில்லை. கூடத்தைப் புகை போட்டுச் சுத்தம் செய்யக் கந்தகம் கொண்டுவரச் சொல்லிவிட்டு, ஒடிசியஸ் மனைவியைக் கூப்பிட ஆள் அனுப்புகிறான்.